எங்கே, எவ்வளவு வேகத்தில்: டிஜிட்டல் டேப் ரெக்கார்டரையும் கணினியையும் ஒன்றாக ஓடவைத்தல்

விஎச்எஸ் வீடியோ கேசட்டின் உயர்ரக வடிவமான எஸ்-விஎச்எஸ் கேசட்டில் எட்டு ட்ராக் (தனித்தனித் தடம்) டிஜிட்டல் ஒலியைப் பதிவுசெய்யும் ஏடாட் என்ற கருவியை, அமெரிக்காவின் அலெசிஸ் நிறுவனம் 1991 ஜனவரியில் அறிவித்து, 1992-இல் விற்பனைக்கு அனுப்பத் தொடங்கியது. நாலாயிரம் டாலருக்குச் சற்றுக் குறைவான விலையில் வந்த அந்தக் கருவி, அதுவரை பெரிய ஸ்டுடியோக்களால் மட்டுமே வாங்க முடிந்த டிஜிட்டல் மல்டிட்ராக் பதிவை வீட்டு அறைகளுக்குள் கொண்டுவந்தது. மறு ஆண்டே டாஸ்கம் நிறுவனம் ஹை-8 கேசட்டில் பதிவுசெய்யும் டிஏ-88-ஐக் கொண்டுவந்தது. கணினியிலும் ஒலியைப் பதிவுசெய்யும் மென்பொருள்கள் அதே ஆண்டுகளில் வளர்ந்துகொண்டிருந்தன. ஆனால் அன்றைய ஹார்ட் டிஸ்க்குகளால் சில ட்ராக்குகளுக்கு மேல் தாங்க முடியவில்லை. ஆகவே குரலும் வாத்தியங்களும் டேப்பில், சிந்தசைசர் பகுதிகளும் திருத்தவேண்டிய சில ட்ராக்குகளும் கணினியில் என்று வேலையைப் பங்கிட்டுக்கொள்வது வழக்கமானது. இப்படிப் பங்கிட்ட உடனே, வேறு வேறு கடைகளில் வாங்கிய இரண்டு கருவிகளை ஒரே கருவிபோல எப்படி ஓடவைப்பது என்ற கேள்வி வந்துவிடுகிறது. இன்று புதிதாக டேப்பில் பதிவுசெய்வோர் அரிது. எனினும் பழைய ஏடாட் கேசட்டுகளில் உள்ள பாடல்களைக் கணினிக்கு மாற்றுவோர் இருக்கிறார்கள்; அவர்களும் இதே கேள்வியைத்தான் சந்திக்கிறார்கள்.

இதைப் பற்றிய கையேடுகளைப் படிக்கும் புதியவர்கள் பெரும்பாலும் குழம்பிப் போவதற்குக் காரணம், ஒத்திசைவு என்ற ஒரே சொல்லால் இரண்டு வெவ்வேறு காரியங்கள் குறிக்கப்படுவதுதான். முதலாவது, பாட்டில் நாம் இப்போது எந்த இடத்தில் இருக்கிறோம் என்பது. இரண்டாவது, அந்த இடத்திலிருந்து என்ன வேகத்தில் நகர்கிறோம் என்பது. நம் சங்கீதத்தில் இந்த இரண்டுக்கும் தனித்தனிச் சொற்கள் இருப்பதால், நமக்கு இது எளிதில் விளங்க வேண்டும். தாளத்தில் பாட்டு எந்த இடத்தில் தொடங்குகிறது என்பது எடுப்பு. தொடங்கிய பின் எந்த வேகத்தில் போகிறது என்பது காலப்பிரமாணம். கதவடைத்த இரண்டு அறைகளில் ஒரு பாடகரையும் ஒரு மிருதங்கக்காரரையும் உட்காரவைத்து, ஒரே சைகையில் தொடங்கச் சொன்னால், இருவரும் எடுப்பைச் சரியாகப் பிடிப்பார்கள். ஆனால் ஒருவர் காதில் மற்றவர் விழாதவரை, பல்லவியில் சேர்ந்திருந்தவர்கள் சரணத்துக்குள் பிரிந்துவிடுவார்கள். டேப்பும் கணினியும் அந்த இரண்டு அறைகள்தாம். எடுப்பை மட்டும் சரிசெய்துவிட்டுக் காலப்பிரமாணத்தை மறந்துவிடுவதே இத்துறையில் ஏற்படும் தவறுகளில் பெரும்பாலானவற்றுக்கு வேர் என்பது என் அனுபவம்.

வேகத்திலிருந்து தொடங்குகிறேன். கையேடுகள் இதைப் பின்னால் வைத்தாலும், இதுவே அடிப்படை.

டிஜிட்டல் ஒலி என்பது, ஒலி அலையின் உயரத்தை மிகக் குறுகிய இடைவெளிகளில் அளந்து எழுதிய எண்களின் வரிசை. ஒவ்வோர் அளவையும் ஒரு சாம்பிள் என்கிறோம். ஏடாட் வழக்கமாக வினாடிக்கு 48,000 சாம்பிள்களைப் பதிவுசெய்கிறது. சிடிகளுக்கான அளவு 44,100. இந்த எண்ணிக்கையைத் தீர்மானிப்பது கருவிக்குள் துடித்துக்கொண்டிருக்கும் ஒரு குவார்ட்ஸ் படிகம். கணினிக்குள் ஒலியைக் கொண்டுவரவும் வெளியே அனுப்பவும் அதோடு இணைக்கும் பெட்டியான ஆடியோ இன்டர்ஃபேஸுக்குள்ளும் அதேபோல ஒரு படிகம் இருக்கிறது. இரண்டின் முகப்பிலும் 48 கிலோஹெர்ட்ஸ், அதாவது வினாடிக்கு 48,000, என்றுதான் எழுதியிருக்கும். ஆனால் உலகில் எந்த இரண்டு படிகங்களும் துல்லியமாக ஒரே வேகத்தில் துடிப்பதில்லை. ஒரே கடையில் வாங்கிய இரண்டு கைக்கடிகாரங்கள் மாதக் கடைசியில் சில வினாடிகள் முன்பின்னாக நிற்பதைப் போன்றதே இது.

கணக்கிட்டுப் பார்த்தால் இதன் வலு தெரியும். ஒரு படிகம் குறித்த வேகத்தைவிடப் பத்து லட்சத்தில் 50 பங்கு வேகமாகவும், மற்றது அதே அளவு மெதுவாகவும் ஓடுவதாக வைத்துக்கொள்வோம். இரண்டுக்கும் உள்ள வேறுபாடு பத்து லட்சத்தில் 100 பங்கு. வினாடிக்கு 48,000 சாம்பிள்கள் எனில், ஒவ்வொரு வினாடியும் 4.8 சாம்பிள் விலகும். நான்கு நிமிடப் பாட்டின் முடிவில் விலகல் 1,152 சாம்பிள், அதாவது 24 மில்லி வினாடி. தாளத்தில் கூர்ந்த காது உடையவர்களுக்கு அந்த இடைவெளி நன்றாகவே உறுத்தும். டேப்பில் உள்ள தபேலாவும் கணினியில் உள்ள தாளக்கட்டும் பாட்டின் தொடக்கத்தில் ஒட்டிக்கொண்டு, முடிவில் ஒரே அடி இரண்டு அடிகளாகக் கேட்கும்.

இதற்குத் தீர்வு, படிகங்களில் ஒன்றை மட்டும் துடிக்கவிட்டு, மற்றக் கருவியைத் தன் படிகத்தை ஒதுக்கிவைத்துவிட்டு முதல் கருவியின் துடிப்பைப் பின்பற்றச் செய்வதே. அந்தத் துடிப்பை ஒரு கருவியிலிருந்து மற்றொன்றுக்கு எடுத்துச் செல்லும் சமிக்ஞைக்கு வேர்ட் கிளாக் என்று பெயர். சாம்பிளுக்கு ஒரு துடிப்பாக, பெரும்பாலும் பிஎன்சி முனை பொருத்திய 75 ஓம் கேபிளில் அது செல்லும். வேர்ட் கிளாக்குக்கு நேரம் தெரியாது, பாட்டு தெரியாது, டேப் நிற்கிறதா ஓடுகிறதா என்பதும் தெரியாது. மெட்ரோனோம் போல, 'இப்போது, இப்போது, இப்போது' என்று மட்டும் அது சொல்லிக்கொண்டே இருக்கும்.

முதல் ஏடாட்டின் பின்புறத்தில் வேர்ட் கிளாக்குக்கான பிஎன்சி துளையைத் தேடி ஏமாந்தவர்கள் பலர். அலெசிஸ் அதைத் தனியாக விற்ற பிஆர்சி என்ற பெரிய ரிமோட்டில்தான் வைத்தது. ஆனால் ஏடாட்டின் ஆப்டிகல் இணைப்பான லைட்பைப், ஒரே ஒளியிழைக் கேபிளில் எட்டுச் சேனல் ஒலியோடு கிளாக்கையும் சேர்த்தே சுமந்து செல்கிறது. ஆகவே ஏடாட்டின் ஆப்டிகல் அவுட்டிலிருந்து இன்டர்ஃபேஸின் ஆப்டிகல் இன்னுக்கு ஒரு கேபிளை இணைத்து, இன்டர்ஃபேஸின் கட்டுப்பாட்டுத் திரையில் கிளாக் எங்கிருந்து என்ற கேள்விக்கு 'இன்டர்னல்' என்பதை நீக்கி 'ஆப்டிகல்' என்று தேர்ந்தெடுத்தால், வேகப் பிரச்சினை தீர்ந்தது. கேபிளைச் செருகுவது மட்டும் போதாது. இந்தத் தேர்வைச் செய்தாக வேண்டும். செய்யாவிட்டாலும் ஒலி வரும் என்பதே இதில் உள்ள ஆபத்து. ஒலி வருகிறது, மீட்டர் ஆடுகிறது, ஆகவே எல்லாம் சரி என்று பதிவைத் தொடங்குவோம். ஆனால் இரண்டு கிளாக்குகளும் தனித்தனியாக ஓடுவதால், அவ்வப்போது ஒரு சாம்பிள் மிகுந்தோ குறைந்தோ போகும். அந்த இடத்தில் மெல்லிய 'டிக்' ஒன்று பதிவாகிவிடும். படிகங்களின் வேறுபாடு பத்து லட்சத்தில் 10 பங்கே என்றாலும், ஏறத்தாழ இரண்டு வினாடிக்கு ஒரு சாம்பிள் வழுக்கும். தவில் முழங்கும் பாட்டில் அது காதில் விழாது. தம்பூரா மட்டும் ஒலிக்கும் இடத்தில் முள்ளாகக் குத்தும்.

டாஸ்கம் கருவிகளில் நிலைமை சற்று வேறு. டிஏ-88-இல் ஒலி, 25 முள் கொண்ட டிடிஐஎஃப் கேபிளில் செல்கிறது. அதோடு வேர்ட் கிளாக்குக்குத் தனியே ஒரு பிஎன்சி கேபிளையும் இணைப்பதே வழக்கம்.

இனி இடம். பாட்டின் எந்தப் புள்ளியில் டேப் நிற்கிறது என்பதைக் கணினிக்குச் சொல்ல ஒரு முகவரி வேண்டும். திரைப்பட, தொலைக்காட்சித் துறையினர் இதற்காக உருவாக்கிய முறை சிம்ப்டி டைம்கோடு. மணி, நிமிடம், வினாடி, ஃப்ரேம் என்ற நான்கு எண்களால் ஓர் இடத்தை அது குறிக்கிறது: 00:03:20:12 என்றால், டேப்பின் தொடக்கத்திலிருந்து 3 நிமிடம் 20 வினாடி கடந்து 12-ஆவது ஃப்ரேம். ஃப்ரேம் என்பது சினிமாவிலிருந்து வந்த அளவு. வினாடிக்கு 24 சினிமாவுக்கு, 25 இந்தியா உள்ளிட்ட நாடுகளின் தொலைக்காட்சிக்கு, 29.97 அமெரிக்கத் தொலைக்காட்சிக்கு, 30 பெரும்பாலும் படம் சாராத இசை வேலைக்கு. பாட்டை மட்டும் பதிவுசெய்பவருக்கு இவற்றில் எதுவானாலும் கேடில்லை, இரண்டு பக்கமும் ஒன்றையே வைத்திருக்கும்வரை. ஒரு பக்கம் 30, மறுபக்கம் 29.97 என்று வைத்துவிட்டால், இரு பக்கமும் ஒரே நேரத்தைப் பற்றிப் பேசுவதாக நினைத்துக்கொண்டு ஆயிரத்தில் ஒரு பங்கு விலகிப்போகும். நான்கு நிமிடப் பாட்டில் அது ஏறத்தாழ கால் வினாடி.

டைம்கோடைக் கணினிக்குக் கொண்டுசெல்ல எளிய வழி, மின்னிசைக் கருவிகள் ஒன்றோடொன்று பேசப் பயன்படும் மிடி கேபிளுக்குள் அதைச் செலுத்துவது. அப்படிச் செலுத்தும் வடிவமே எம்டிசி எனப்படும் மிடி டைம்கோடு. மிடி மெதுவான சாலை. முழு முகவரியையும் ஒவ்வொரு முறையும் அனுப்பினால் நெரிசலாகிவிடும். ஆகவே முகவரியை எட்டுத் துண்டுகளாக வெட்டி, ஃப்ரேமுக்கு நான்கு துண்டாக அனுப்புகிறார்கள். ஒரு முழு முகவரி வந்து சேர இரண்டு ஃப்ரேம் ஆகிறது. வினாடிக்கு 25 ஃப்ரேம் எனில், துண்டுக்கும் துண்டுக்கும் இடையே 10 மில்லி வினாடி. அந்த இடைவெளிக்குள் டேப்பில் 480 சாம்பிள்கள் கடந்துவிடுகின்றன. எம்டிசி என்பது மைல்கல் போன்றது என்று இதிலிருந்து தெரியும். ஊர் எவ்வளவு தூரம் என்று அது சொல்லும்; இரண்டு மைல்கற்களுக்கு நடுவே எந்தக் கூழாங்கல் மேல் உங்கள் கால் இருக்கிறது என்று சொல்லாது.

ஆகவே எம்டிசியை வேகத்துக்கும் நம்பக்கூடாது. சில மென்பொருள்கள் வரும் எம்டிசியைப் பார்த்து, தாம் பின்தங்கினால் வேகத்தைக் கூட்டியும், முந்தினால் குறைத்தும் சரிக்கட்ட முயலும். மிடி நோட்டுகளை வாசிக்கும்போது அதனால் தொல்லையில்லை; ஒரு நோட்டு அரை மில்லி வினாடி தள்ளி விழுந்தால் யாருக்கும் தெரியாது. பதிவான குரலை அப்படி இழுத்தும் சுருக்கியும் ஓடவைத்தால் சுருதியே ஆடும். எனவே நல்ல ஏற்பாடு இதுதான்: எங்கே தொடங்குவது என்பதை மட்டும் எம்டிசியிடம் கேட்டுக்கொண்டு, தொடங்கிய கணத்திலிருந்து வேர்ட் கிளாக்கின் கையைப் பிடித்துக்கொண்டு ஓடுவது. எடுப்பு ஒருவரிடமிருந்து, காலப்பிரமாணம் இன்னொருவரிடமிருந்து.

இந்த ஏற்பாட்டிலும் ஒரு குறை மிஞ்சுகிறது. மைல்கல்லைப் பார்த்துத் தொடங்குவதால், ஒவ்வொரு முறை ப்ளே அழுத்தும்போதும் கணினி சில மில்லி வினாடி முன்னேயோ பின்னேயோ எடுப்பைப் பிடிக்கும். தொடங்கிய பின் விலகாது. ஆனால் தொடக்கமே முறைக்கு முறை சற்று மாறும். டேப்பில் குரலும் கணினியில் வயலினும் இருந்தால் இது பொருட்டல்ல. ஒரே மிருதங்கத்துக்கு வலந்தலைப் பக்கம் ஒரு மைக்கும் இடந்தலைப் பக்கம் ஒரு மைக்கும் வைத்து, ஒன்றை டேப்பிலும் மற்றொன்றைக் கணினியிலும் பதிவுசெய்திருந்தால் நிலைமை வேறு. ஒரே ஒலி ஒரு மில்லி வினாடி இடைவெளியில் இருமுறை வந்து கலக்கும்போது, 500 ஹெர்ட்ஸ் அளவிலும் அதன் ஒற்றைப்படை மடங்குகளிலும் அலைகள் ஒன்றையொன்று அழிக்கின்றன. வாத்தியம் தகரக் குழாய்க்குள் வாசிப்பதுபோல ஒலிக்கும். அந்த இடைவெளி முறைக்கு முறை மாறினால், காலையில் கலந்த ஒலி மாலையில் வேறு வாத்தியம்போலக் கேட்கும்.

ஏடாட்டை உருவாக்கியவர்கள் இதை முன்னரே எண்ணிப் பார்த்திருக்கிறார்கள். கேசட்டைப் பயன்படுத்துமுன் அதை ஃபார்மேட் செய்யவேண்டும் என்பது ஏடாட்டின் விதி. ஃபார்மேட் செய்யும்போது டேப் நெடுகிலும் முகவரி எழுதப்படுகிறது. அந்த முகவரி ஃப்ரேம் கணக்கில் இல்லை, சாம்பிள் கணக்கில் இருக்கிறது. பின்புறத்தில், ஒத்திசைவுக்காக, சிங்க் இன், சிங்க் அவுட் என்ற இரண்டு 9 முள் துளைகள் உள்ளன. ஒரு கருவியின் சிங்க் அவுட்டை அடுத்ததன் சிங்க் இன்னில் செருகிக்கொண்டே போனால், 16 கருவிகள் வரை, அதாவது 128 ட்ராக் வரை, ஒரு சாம்பிள்கூடப் பிசகாமல் ஒன்றாக ஓடும் என்பதுதான் அதன் பெரிய கவர்ச்சி. அந்த 9 முள் கேபிளில் இடமும் வேகமும் ஓடு, நில் என்ற கட்டளைகளும் சேர்ந்தே செல்கின்றன. டைம்கோடு ட்ராக் என்று ஒரு தடத்தை வீணாக்கவேண்டிய தேவையும் இல்லை. பழைய அனலாக் டேப்பில் எட்டில் ஒன்றை டைம்கோடின் கீச்சொலிக்குத் தாரைவார்த்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய நிம்மதி என்பது தெரியும்.

கணினியையும் இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணியாக்கிவிட முடியுமா என்பதே அடுத்த கேள்வி. முடியும், இரண்டு வழிகளில். முதல் வழி, இடையில் ஒரு மொழிபெயர்ப்புப் பெட்டியை வைப்பது. பிஆர்சி ரிமோட்டும், ஜேஎல்கூப்பர் நிறுவனத்தின் டேட்டாசிங்க் போன்ற சிறு பெட்டிகளும் ஏடாட்டின் முகவரியைப் படித்து எம்டிசியாக மாற்றித் தரும். சாம்பிள் கணக்கு இங்கே ஃப்ரேம் கணக்காகச் சுருங்கிவிடுகிறது என்பதைக் கவனிக்கவேண்டும். இரண்டாவது வழி, 9 முள் துளையை நேரடியாகவே கொண்ட இன்டர்ஃபேஸை வாங்குவது. மார்க் ஆஃப் தி யூனிகார்ன் நிறுவனத்தின் 2408 அத்தகையது. மென்பொருளும் அந்தச் சாம்பிள் முகவரியைப் புரிந்துகொள்ளக்கூடியதாக இருக்கவேண்டும். ஸ்டைன்பர்க் நிறுவனம், இசை மென்பொருளையும் இன்டர்ஃபேஸையும் இணைக்கும் தன் முறையான ஏஎஸ்ஐஓ-வின் இரண்டாம் பதிப்பில் இதற்கென ஒரு வசதியைச் சேர்த்தது. இவை கூடிவந்தால், மிருதங்கத்தின் இரண்டு தலைகளையும் இரண்டு கருவிகளில் தாராளமாகப் பதிவுசெய்யலாம்.

யார் யாரைப் பின்தொடர்வது என்பதையும் தீர்மானிக்கவேண்டும். கணினி ஹார்ட் டிஸ்க்கின் எந்த மூலைக்கும் கண்ணிமைக்கும் நேரத்தில் தாவும். டேப்போ சுழன்று, அலைந்து, டேப்பைப் படிக்கும் சுழல் உருளையான ஹெட் டிரம்மில் சுற்றிக்கொண்டு, வேகம் பிடித்து நிலைகொள்ளச் சில வினாடிகள் எடுத்துக்கொள்ளும். முழங்கால் வலிக்கும் பெரியவரும் துறுதுறுப்பான பேரனும் சேர்ந்து கோவில் சுற்றினால், பெரியவர் முன்னே நடக்க, பேரன் பின்னே போவதுதான் எளிது. ஆகவே டேப்பே மாஸ்டர், கணினி பின்தொடர்வது என்பது பொதுவான ஏற்பாடு.

ஆனால் பட்டனை டேப்பில்தான் அழுத்தவேண்டும் என்பதில்லை. எம்எம்சி எனப்படும் மிடி மெஷின் கன்ட்ரோல் மூலம் கணினித் திரையிலிருந்தே டேப்புக்கு ஓடு, நில், 3 நிமிடம் 20 வினாடிக்குப் போ என்று உத்தரவிடலாம். அப்போது உத்தரவு கணினியிலிருந்து டேப்புக்குப் போகிறது. டேப் ஓடத் தொடங்கி, தான் இருக்கும் இடத்தைக் கணினிக்குச் சொல்கிறது. கணினி அதைப் பின்தொடர்கிறது. உத்தரவிடுபவர் ஒருவர், இடம் சொல்பவர் ஒருவர், வேகம் தருபவர் ஒருவர் என மூன்று பொறுப்புகள் இருக்கின்றன. மூன்றும் ஒரே கருவியிடம் இருக்கவேண்டிய கட்டாயமில்லை. ஆனால் ஒவ்வொன்றுக்கும் ஒருவர்தான் இருக்கவேண்டும். மாஸ்டர் என்ற ஒற்றைச் சொல்லை இந்த மூன்றுக்கும் கையேடுகள் வாரி வழங்கியதால் விளைந்த குழப்பம் கொஞ்சநஞ்சமல்ல.

ஒரு முழுப் பதிவை அருகிலிருந்து பார்த்தால் இவை துலங்கும். ஓர் ஏடாட், முகவரியை எம்டிசியாக்கும் ஒரு பெட்டி, லைட்பைப் உள்ள இன்டர்ஃபேஸ், கணினியில் கியூபேஸ் அல்லது புரோ டூல்ஸ் போன்ற மென்பொருள் என்று வைத்துக்கொள்வோம். கேசட் 48 கிலோஹெர்ட்ஸில் ஃபார்மேட் ஆகியிருக்கிறது. எஸ்டி-120 வகைக் கேசட் எனில் ஏறத்தாழ 40 நிமிடம் கிடைக்கும். வீட்டு வீடியோவில் இரண்டு மணி நேரம் ஓடும் அதே கேசட், ஏடாட்டில் மூன்று மடங்கு வேகத்தில் ஓடித் தீர்ந்துவிடுகிறது. முதல் பாட்டை டேப்பின் 00:00:00-இலேயே தொடங்கக்கூடாது. கணினி டேப்பைப் பின்தொடர்ந்து பிடிக்கச் சில வினாடி ஓட்டம் தேவை. பூஜ்யத்துக்கு முன்னால் அதற்குப் போதிய இடம் இல்லை. முதல் 20 வினாடியாவது வெறுமையாக விட்டுவிடுவது நல்லது. நம் பாட்டு டேப்பில் 3 நிமிடம் 20 வினாடியில் தொடங்குகிறது எனில், மென்பொருளின் ப்ராஜெக்ட் அமைப்பில் தொடக்க நேரம் என்ற இடத்தில் 00:03:20:00 என்று எழுதவேண்டும். அப்போதுதான் டேப் அந்த இடத்தைத் தொடும் கணத்தில் கணினி முதல் ஆவர்த்தனத்தின் முதல் அட்சரத்தில் கால்வைக்கும். இதை எழுத மறந்தால், டேப்பில் பாட்டு தொடங்கும்போது கணினி தன் திரையில் 3 நிமிடம் 20 வினாடி தள்ளியுள்ள காலி இடத்தில் மௌனமாக ஓடிக்கொண்டிருக்கும்.

பிறகு சரிபார்க்கவேண்டியவை: ப்ராஜெக்ட்டின் சாம்பிள் அளவு 48 கிலோஹெர்ட்ஸ், இன்டர்ஃபேஸின் கிளாக் 'ஆப்டிகல்', ஃப்ரேம் அளவு பெட்டியிலும் மென்பொருளிலும் ஒன்றே, மென்பொருள் எந்த மிடி வாயிலில் டைம்கோடை எதிர்பார்க்கிறதோ அதே வாயிலில் கேபிள். இனி மென்பொருளில் சிங்க் பட்டனை, புரோ டூல்ஸ் எனில் ஆன்லைன் பட்டனை, அழுத்துங்கள். ஒன்றும் நடக்காது. புதியவர்கள் பலர் இந்த இடத்தில் கணினி உறைந்துவிட்டது என்று எண்ணி அதை அணைத்துவிடுகிறார்கள். அது உறையவில்லை; டைம்கோடுக்காகக் காத்திருக்கிறது. ஏடாட்டை 00:03:10-க்குக் கொண்டுபோய் ப்ளே அழுத்தினால், டிரம் சுழலும் உறுமல் கேட்கும். சில வினாடியில் எண்கள் ஓடத் தொடங்கும். அடுத்த ஓரிரு வினாடிக்குள் கணினியின் கோடும் துள்ளி எழுந்து கூடவே நகரும். இடையில் டேப்பில் ஒரு கீறல் காரணமாக டைம்கோடு நொடிப்பொழுது தடைப்பட்டாலும் ஓட்டம் நின்றுவிடாமலிருக்க, ஃப்ரீவீல் என்ற அமைப்பில் சில ஃப்ரேம்களைக் கொடுத்துவைக்கலாம்.

கணினியில் திருத்திய ட்ராக்கை மீண்டும் டேப்புக்கு அனுப்பும்போது, கிளாக்கின் திசையை மாற்றவேண்டியிருக்கும். ஏடாட்டில் 'டிஜிட்டல் இன்' பட்டனை அழுத்தினால், அது ஆப்டிகல் இன்னில் வரும் கிளாக்கைப் பின்பற்றும். அப்போது இன்டர்ஃபேஸ் இன்னும் 'ஆப்டிகல்' என்றே இருந்தால், ஏடாட் கணினியைப் பார்க்க, கணினி ஏடாட்டைப் பார்க்க, இருவருக்கும் வழிகாட்டி இல்லாமல் போகும். இருட்டில் இரண்டு பேர் ஒருவர் பின்னால் ஒருவர் வருவதாக நினைத்துக்கொண்டு வட்டமாகச் சுற்றுவது போன்றது அது. சுருதி நழுவும், இரைச்சல் வரும், அல்லது இரண்டும் வரும். டேப்பிலிருந்து கணினிக்கு எனில் இன்டர்ஃபேஸ் 'ஆப்டிகல்'. கணினியிலிருந்து டேப்புக்கு எனில் இன்டர்ஃபேஸ் 'இன்டர்னல்', ஏடாட் 'டிஜிட்டல் இன்' என்று ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கருவியின் மேலேயே ஒட்டிவைத்திருந்தேன். நினைவாற்றலைவிட அந்தத் தாள் பலமுறை உதவியது.

சாம்பிள் அளவில் ஒரு பொறி உண்டு. முதல் ஏடாட்டில் 44.1 கிலோஹெர்ட்ஸுக்குத் தனிப் பட்டன் இல்லை. பிட்ச் அமைப்பை 147 சென்ட் (ஓர் அரைச்சுரத்தில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்) குறைத்து, டேப்பை மெதுவாக்கியே அந்த அளவை அடைவார்கள். அப்படிப் பதிவான கேசட்டைப் பிற்காலத்தில் விவரம் தெரியாமல் 48-இல் ஓடவிட்டால், பாட்டு முக்கால் கட்டைக்குச் சற்றே குறைய ஏறி, வேகமாகவும் ஓடும். கேசட்டின் அட்டையில் சாம்பிள் அளவைக் குறித்துவைக்காதவர்களை, பிறகு அதைத் திறப்பவர்கள் நிச்சயம் நொந்துகொள்வார்கள். நண்பர் ஒருவரின் ஸ்டுடியோவில், பாடகியின் குரல் ஏன் இவ்வளவு மெல்லியதாக இருக்கிறது என்று அரை நாள் மைக்கைக் குறைசொல்லிக்கொண்டிருந்தோம். பின்னர் சுருதிப்பெட்டியை வைத்துப் பார்த்தபோதுதான், குரல் மட்டுமல்ல, தம்பூராவும் ஏறியிருந்தது தெரிந்தது.

பழைய கேசட்டுகளைக் கணினிக்கு மாற்றும் வேலையில் இருப்பவர்களுக்கு, இடம், வேகம் என்ற பாகுபாடு ஒரு பெரிய உதவியைச் செய்கிறது. மூன்று ஏடாட்டுகளில் 24 ட்ராக்காகப் பதிவான ஒரு பாட்டு இருக்கிறது. இன்று ஓடும் நிலையில் ஒரே ஓர் ஏடாட்தான் கையில் இருக்கிறது. சிங்க் பெட்டி எதுவும் இல்லை. மூன்று கேசட்டுகளையும் ஒன்றன்பின் ஒன்றாக ஓடவிட்டுத்தான் கணினியில் ஏற்றவேண்டும். ஒவ்வொரு முறையும் பதிவு பட்டனைக் கையால் அழுத்துவதால், மூன்றின் எடுப்பும் வெவ்வேறு இடத்தில் இருக்கும். இதைக் கேட்டதும் பலர் கைவிட்டுவிடுகிறார்கள். அதற்குத் தேவையே இல்லை. லைட்பைப் வழியாக, கிளாக்கை 'ஆப்டிகல்' என்று வைத்து ஏற்றினால், டேப்பில் எத்தனை சாம்பிள் இருக்கிறதோ அத்தனை சாம்பிளே கணினிக்கு வரும். ஒன்று கூடாது, ஒன்று குறையாது. வேகம் மூன்றுக்கும் ஒன்றாகிவிட்டதால், மிஞ்சியிருப்பது எடுப்பின் வேறுபாடு மட்டும். ஒரு கேசட்டின் எட்டு ட்ராக்குகளையும் ஒரு கட்டாகப் பிணைத்து, ஒரே ஒரு முறை நகர்த்தி மற்றதோடு பொருத்தினால், பாட்டின் கடைசி அட்சரம்வரை பொருந்தியே இருக்கும். அனலாக் அவுட்டிலிருந்து எடுத்து, இன்டர்ஃபேஸைத் தன் சொந்தக் கிளாக்கில் ஓடவிட்டு ஏற்றினாலோ, ஒவ்வொரு முறையும் ஏடாட்டின் படிகம் அறையின் வெப்பத்துக்கேற்பச் சற்று வேறு வேகத்தில் ஓடியிருக்கும். தொடக்கத்தைப் பொருத்தினால் முடிவு விலகும், முடிவைப் பொருத்தினால் தொடக்கம் விலகும்.

பொருத்துவதற்கு இரண்டு கேசட்டிலும் பதிவான ஏதேனும் ஓர் ஒலி வேண்டும். எண்ணிக்கைக்காகப் பதிவுசெய்த கிளிக் இரண்டிலும் இருந்தால் வேலை எளிது. இல்லையெனில், ஒரு கேசட்டில் தாளக் கருவியின் மைக்கும், மற்றொன்றில் பாடகரின் மைக்கில் கசிந்த அதே தாள ஒலியும் இருக்கும். அலை வடிவத்தைப் பெரிதாக்கி, கூர்முனைகளைக் கண்ணால் ஒட்டவைத்து, பிறகு காதால் சரிபார்க்கலாம். மைக்குகளுக்கு இடையே இருந்த தூரத்தால், கசிந்த ஒலி சற்றுத் தாமதமாகவே வந்திருக்கும்: மீட்டருக்கு ஏறத்தாழ 3 மில்லி வினாடி. அந்தத் தாமதத்தையும் சேர்த்து அழித்துவிடாமல், அறையில் இருந்தபடியே விட்டுவைக்க வேண்டும்.

பொருத்தியது சரிதானா என்று பார்க்க, பாட்டின் முதல் நிமிடத்தில் ஓர் அடியையும் கடைசி நிமிடத்தில் ஓர் அடியையும் எடுத்துக்கொண்டு, இரண்டு இடத்திலும் இடைவெளியைச் சாம்பிள் கணக்கில் அளந்து பாருங்கள். இரண்டு இடத்திலும் 310 சாம்பிள் என்று ஒரே எண் வந்தால், 310 சாம்பிள் நகர்த்தினால் போதும். முதலில் 310, கடைசியில் 900 என்று வந்தால், நகர்த்திப் பயனில்லை. இன்டர்ஃபேஸின் கிளாக் அமைப்பைத் திருத்திவிட்டு, கேசட்டைத் தொடக்கத்துக்குச் சுற்றி, மறுபடி ஏற்றவேண்டியதுதான்.